முள்ளுக்குத் திசை தெரியாது

நாமக்கல்
ஞாயிறு காலை

அன்புள்ள செல்வராசு,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிறது. முழங்கால் தேறி, ஊன்றுகோல் இல்லாமல் கடைவரை போய் வருகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லாரும் சுகம். முன்வாசல் வேப்பமரம் மட்டும் போன மாதக் காற்றில் சாய்ந்துவிட்டது. வாசலில் வெயில் நேராக அடிக்கிறது, நாற்காலி போட இடம் தேட வேண்டியிருக்கிறது.

சரி, உங்கள் சண்டைக்கு வருகிறேன். ரவுண்டானாவைச் சுற்றும்போது காரின் வேகம் காட்டும் முள் 30-லேயே நின்றது, வேகம் மாறவில்லை, அப்புறம் ஏது முடுக்கம் என்று நீ கேட்டிருக்கிறாய். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து மாஸ்டரோ, "வேகம் மாறிக்கொண்டுதானே இருக்கு, அப்ப ஆர்முடுகலும் இருக்கு" என்றிருக்கிறார். முள் அசையாததைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இப்படிப் பேசுகிறாரே, பாவம், வயதாகிவிட்டது என்று எழுதியிருந்தாய். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரே சொல்லை ஆளுக்கொரு பொருளில் பேசியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

நாம் படித்த பாடத்தில் வேகம் என்றால் எவ்வளவு விரைவு என்பது மட்டும். எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்தால் அது திசைவேகம். இலங்கைப் பாடநூலில் முதலாவதன் பெயர் கதி. இரண்டாவதைத்தான் அவர்கள் வேகம் என்கிறார்கள். நம் முடுக்கம் அவர்களுக்கு ஆர்முடுகல், எதிர்முடுக்கம் அமர்முடுகல். ஆக, 'வேகம் மாறாவிட்டால் முடுக்கம் இல்லை' என்ற வாக்கியம் யாழ்ப்பாணத்தில் சரி, நாமக்கல்லில் தப்பு! வடக்கே பார்த்து 30-ல் போன உன் கார், கால் வட்டம் சுற்றியதும் கிழக்கே பார்த்து 30-ல் போகிறது. கதி அதேதான், திசைவேகம் வேறு. அந்தத் திசைவேகம் மாறும் வீதம்தான் முடுக்கம். முள்ளுக்குத் திசை தெரியாது, செல்வராசு.

உன்னைக் கேலி செய்ய எனக்கும் யோக்கியதை இல்லை. முடுக்கம் என்றால் வேகம் கூடுவது என்றுதான் நானும் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். போன மாதம் பேத்தியோடு பஸ்ஸில் கொல்லிமலை ஏறினோம். காரவள்ளி தாண்டியதும் 70 கொண்டை ஊசி வளைவுகள், உனக்குத் தெரியாததா? பஸ் ஆமை மாதிரிதான் ஏறுகிறது. ஆனாலும் ஒவ்வொரு வளைவிலும் இந்த ஓரத்தில் இருப்பவர் அந்த ஓரத்துக்காரர் மேல் சாய்கிறார். பக்கத்து இருக்கை அம்மா மோந்து பார்க்க வைத்திருந்த எலுமிச்சம்பழம் கைதவறி விழுந்து, மலை உச்சிவரை பஸ்ஸுக்குள் உருண்டபடியே வந்தது. "தாத்தா, பஸ் வேகமாவும் போகல, பிரேக்கும் போடல. அப்ப நம்மளைத் தள்ளுறது யாரு?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. இருபதாவது வளைவுக்குள் அவளே சொல்லிவிட்டாள். யாரும் தள்ளவில்லையாம். பழமும் நாமும் நேராகப் போகத்தான் பார்க்கிறோம், பஸ்தான் திரும்புகிறது. இருக்கையும் கம்பியும் நம்மை வளைவின் உள்பக்கம் இழுத்துக்கொள்கின்றன. பழத்துக்குப் பிடிமானம் இல்லை, ஓடிவிட்டது. முடுக்கம் வளைவின் நடுவை நோக்கி இருக்கிறது, நாம் சாய்வதோ அதற்கு எதிர்ப்பக்கம்.

வீட்டுக்கு வந்து ஒரு கணக்குப் போட்டோம். மணிக்கு 18 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 5 மீட்டர். வளைவின் ஆரம் 10 மீட்டர் என்று வைத்துக்கொள். வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் முடுக்கம் 2.5. கீழே விழும் கல்லின் முடுக்கம் 9.8 அல்லவா, அதில் கால் பங்கு, அதுவும் ஆமை வேகத்தில்! டிரைவர் 36-ல் திருப்பினால் இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். 10! டயரின் பிடி அவ்வளவு தாங்காது. அந்த டிரைவர் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் கியரைக் குறைத்த காரணம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

எல்லாம் அந்தச் சொல்லால் வந்த வினை என்று தோன்றுகிறது. மாட்டை முடுக்குவது, வேலையை முடுக்கிவிடுவது என்று கேட்டுப் பழகிய காதுக்கு முடுக்கம் என்றால் விரட்டுவதுதான். ஆனால் உன் அப்பா வண்டி ஓட்டியதை நினைத்துப் பார். இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் வலத்து மாட்டைத்தானே தட்டுவார்? அந்த முடுக்கில் வண்டியின் விரைவு கூடவில்லை, போகும் திசைதான் மாறியது. போகிற பக்கமே முடுக்கம் இருந்தால் விரைவு கூடும், எதிர்ப்பக்கம் இருந்தால் குறையும், குறுக்கே இருந்தால் திசை மட்டும் திரும்பும். சாய்வாக இருந்தால் இரண்டும் மாறும். வளைவுக்குள் போய்ப் பிரேக் போடுகிறவனுக்கு நடப்பது அதுதான்.

மாஸ்டரோடு சமாதானம் ஆக ஒரு கேள்வி தருகிறேன். நேர் மேலே எறிந்த கல் உச்சியைத் தொடும் அந்தக் கணத்தில் முடுக்கம் எவ்வளவு என்று கேள். சுழி என்று நீ சொல்லிவிடாதே. அங்கே சுழியாவது வேகம்தான். முடுக்கம் அப்போதும் 9.8, கீழ்நோக்கி. அதுவும் இல்லாமல் போனால் கல் அந்தரத்திலேயே நின்றுவிடும். வேகம் என்றாலும் கதி என்றாலும் இதற்கு விடை ஒன்றுதான், சண்டை வராது.

மலையில் நல்ல மிளகு கிடைத்தது. ஒரு கிலோ வாங்கி வைத்திருக்கிறேன். உன் மகள் தை மாதம் வரும்போது கொடுத்தனுப்புகிறேன். பாதி மாஸ்டர் வீட்டுக்கு.

அன்புடன்,
முத்து