குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. மழைநீர்த் தொட்டியை ஐப்பசி பிறக்கும் முன்பே தூர் வாரிவிட்டோம். மற்றபடி, இந்த ஆண்டு செயற்குழுவின் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்டது மூன்றாம் மாடி வீடுகளின் தண்ணீர்ப் பிரச்சினைதான்.

ஷவரில் நூல் மாதிரி விழுகிறது, பிரஷர் பம்பு வையுங்கள் என்றார்கள். நியாயமான குறைதான். 10 மீட்டர் உயரத்திலிருந்து தண்ணீர் இறங்கினால்தான் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கிடைக்கும். மாடித் தொட்டிக்கும் அவர்கள் ஷவருக்கும் நடுவே 3 மீட்டர்கூட இல்லை. இருக்கிற கொஞ்ச அழுத்தமும் வழியில் எங்கே போகிறது என்று முதலில் பார்ப்போம், பம்பு அப்புறம் என்று குழு முடிவு செய்தது.

மாடியில் லைனைக் கழற்றியதும் பதில் கிடைத்தது. பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) எல்போ, அதாவது பைப்பைத் திருப்பும் வளைவுத் துண்டு ஒன்றை ப்ளம்பர் கையில் கொடுத்தார். போர் தண்ணீரின் உப்பும் துருவும் படிந்து, ஒரு இஞ்ச் துவாரத்தில் சுண்டுவிரல் நுழையும் இடம்தான் மிச்சம். தொட்டியடியில் இருந்தது குளோப் வால்வு. அதற்குள் தண்ணீர் நேராகப் போகாது, வளைந்து ஏறித்தான் வெளியே வரும். முழுக்கத் திறந்து வைத்தாலும், பைப் விட்டத்தைப் போல் சுமார் 340 மடங்கு நீளமுள்ள நேர்ப் பைப் தரும் தடையை அது தரும். ஒரு இஞ்ச் லைனில் இது எட்டரை மீட்டர். சாதாரண எல்போவுக்கு 30 மடங்கு, துளையுள்ள உருண்டை உள்ளே திரும்பும் பால் (ball) வால்வு முழுத் துவாரமுள்ளதாக இருந்தால் மூன்றே மடங்கு.

குளோப் வால்வை எடுத்துவிட்டுப் பால் வால்வு போட்டோம். ஜி.ஐ. போய் சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப் வந்தது. நடுவில் முக்கால் இஞ்சுக்குக் குறைத்திருந்த ரெட்யூசரையும் நீக்கினோம். அதே அளவு தண்ணீர் போக, ஒரு இஞ்சைவிட முக்கால் இஞ்சில் உராய்வு இழப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு. இப்போது மூன்றாம் மாடியில் ஷவர் ஒழுங்காக விழுகிறது. பம்பு வாங்கும் செலவும் மிச்சம்.

இன்னும் ஓட்டம் குறைவாக உள்ள வீடுகளில் குழாய் முனைச் சல்லடையைக் கழற்றி வினிகரில் ஊறவைத்துப் பாருங்கள். பாத்ரூம் மராமத்து செய்பவர்கள் எத்தனை எல்போ, என்ன அளவு பைப் என்பதை ப்ளம்பரிடம் கேட்டு, சங்கத்திலும் சொல்லிவிட்டு வேலையை ஆரம்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பின்பக்க பிளாக்கில் இன்னும் பழைய ஜி.ஐ. லைன்தான் ஓடுகிறது. அதை மாற்றும் தீர்மானத்தை இன்று உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

நன்றி.

செயலாளர்