வார்டில் ஹாலோவீன்

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு அம்மா தோட்டம் வரை நடக்கிறார்கள் என்று படித்தபோதுதான் நிம்மதி வந்தது. வலிக்கிறது என்று சொன்னாலும் பயிற்சியை நிறுத்த விடாதே.

இங்கே அமெரிக்காவில், எங்கள் பியோரியா ஊரில் குளிர் இறங்கிவிட்டது. அக்டோபர் 31 அன்று எங்கள் குழந்தைகள் வார்டில் ஹாலோவீன் கொண்டாடினோம். குழந்தைகள் வார்டிலேயே காலம் தள்ளுகிற உனக்கு அதை விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

அன்று மாலை இந்த ஊர்ப் பிள்ளைகள் வேடம் போட்டுக்கொண்டு வீடு வீடாக மிட்டாய் வாங்கப் போவார்கள். சலைன் ஏறிக்கொண்டிருக்கிற பிள்ளை எங்கே போகும்? அதனால் இங்கே நாங்கள் வேடம் போட்டுக்கொண்டு அறை அறையாகப் போகிறோம். செவிலியர் மட்டுமல்ல, மருத்துவர், மருந்தாளுநர், சமையலறை ஊழியர், தரை துடைப்பவர் எல்லாரும் வருகிறோம். இந்த ஆண்டு அனைவரும் கிரேயான் குச்சிகள், ஆளுக்கொரு நிறம். எனக்குப் பச்சை. எங்கள் அறுவை மருத்துவர் மஞ்சள் கூம்புத் தொப்பியோடு நடந்தார். அவரைக் கண்டாலே எழுந்து நிற்கும் பயிற்சி மருத்துவர்கள் அன்று அவரோடு சேர்ந்து பலூன் கட்டினார்கள். லேடெக்ஸ் என்கிற ரப்பர் ஒவ்வாத பிள்ளைகள் இருப்பதால் எல்லாம் பளபளக்கும் ஃபாயில் பலூன்கள்.

கட்டுப்பாடுகளும் நிறைய. முகத்தை மூடும் முகமூடி கூடாது. ஊசி போட வருகிறவரின் முகம் குழந்தைக்குத் தெரிய வேண்டும். ரத்தம், எலும்புக்கூடு, கத்தி எதுவும் கூடாது. ஹாலோவீனுக்குக் குடைந்து விளக்கு வைக்கிற பூசணி புற்றுநோய்ப் பிரிவுக்குள் போகவே முடியாது. எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைகளுக்கு அதில் வளரும் பூஞ்சை ஆபத்து. இத்தனைக்கும் அமெரிக்காவிலேயே பூசணி மிக அதிகமாக விளைவது எங்கள் இல்லினாய் மாநிலத்தில்தான். பக்கத்து ஊரான மார்ட்டன் தன்னை உலகப் பூசணித் தலைநகர் என்றே சொல்லிக்கொள்கிறது. நாங்கள் காகிதப் பூசணிகளை வெட்டி ஒட்டினோம். நாளை அறுவை சிகிச்சை என்று பட்டினி இருக்கும் பிள்ளைக்கும், சர்க்கரை நோய் உள்ள பிள்ளைக்கும், வேர்க்கடலை ஒவ்வாத பிள்ளைக்கும் மனம் நோகக் கூடாது என்று மிட்டாயையே விட்டுவிட்டோம். கூடையில் ஸ்டிக்கர், சின்னக் கார், சோப்புக் குமிழிப் புட்டி.

குறைமாதக் குழந்தைகளுக்கு நாங்களே உடை தைத்தோம். ஃபெல்ட் துணியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூசணி, அதன் மேல் பச்சைக் காம்பு. பொத்தான், பசை, தொங்கும் நூல் எதுவும் இருக்காது. குழந்தைக்கு அணிவிப்பதும் இல்லை. குழாயையும் ஒயரையும் அசைக்காமல் மார்பின் மேல் மெல்லப் போர்த்துகிறோம், படம் எடுத்ததும் எடுத்துவிடுகிறோம். சில பெற்றோருக்குத் தங்கள் பிள்ளையின் முதல் நல்ல படம் அதுதான். ஒரு தாய் அதை அலைபேசியில் விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறந்ததிலிருந்து அவள் தன் பிள்ளையைப் பார்த்ததெல்லாம் இயந்திரங்களுக்கு நடுவில்தான்.

இன்னொரு அறையில் ஐந்து வயதுச் சிறுமி. ரத்த அழுத்தம் பார்க்கப் பட்டையை எடுத்தாலே கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்வாள். அன்று எங்களை வரிசையாக நிற்க வைத்து நிறம் நிறமாகப் பெயர் சொல்லி எண்ணினாள். இரவு நான் பட்டையோடு போனபோது, "பச்சை வந்துவிட்டது" என்று தாயிடம் சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள். இந்தக் கொண்டாட்டத்துக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது அவளைப் பற்றித்தான்.

எங்கள் ஓய்வறையில் மெக்சிகோக்காரத் தோழி ஒருத்தி தன் தாயின் படத்தை வைத்து, சுற்றிலும் கேந்திப் பூ பரப்பியிருந்தாள். தோவாளைப் பூச்சந்தையில் கூடை கூடையாகக் குவிந்து கிடக்குமே, அதே கேந்தி. அதன் பூர்விகமே மெக்சிகோதானாம். இறந்தவர்கள் அந்தப் பூவின் வாசனையைப் பிடித்து வீடு வந்து சேர்வார்கள் என்று அவர்கள் நம்புகிறார்கள். மற்றவர்களும் அவரவர் வீட்டுப் படங்களைக் கொண்டுவந்தார்கள். நான் அப்பாவின் படத்தை வைத்தேன். ஹாலோவீன் பேய்த் திருவிழா, நமக்கு ஆகாது என்று இங்குள்ள நம்மவர் சிலர் ஒதுங்குகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மறுநாள் அனைத்துப் புனிதர் திருநாள், அதற்கு அடுத்த நாள் நம் கல்லறைத் திருநாள். இது அவற்றுக்கு முந்தைய மாலை. அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் கொண்டுவந்த வழக்கம் இது. அங்கே டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள், இங்கே வந்து பூசணியைக் குடைந்தார்கள். இறந்தவர்களை நினைத்து ஒரு விளக்கு ஏற்றுவதில் நமக்கு ஆகாதது என்ன இருக்கிறது? இந்த முறை அப்பாவின் கல்லறைக்கு நீ மெழுகுவர்த்தி கொண்டுபோனதாகத் தம்பி சொன்னான். அதற்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

கிறிஸ்துமஸுக்கு உங்கள் வார்டில் இப்படி ஏதாவது செய்ய முடியுமா என்று பார். பெரிய செலவில்லை. ஃபெல்ட் துணி நாகர்கோவிலில் கிடைக்கும். வெட்டுவதற்கான அளவுகளைக் காகிதத்தில் வரைந்து இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். ஒன்றரைக் கிலோ குழந்தைக்கு ஒன்று, இரண்டு கிலோவுக்கு ஒன்று. துணியைத் துவைத்துக் காயவைத்த பிறகே வெட்டு, இல்லையென்றால் சுருங்கிவிடும். உங்கள் தலைமைச் செவிலியரிடம் முதலில் கேட்டுவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
ஜெசி