கம்ப்யூட்டருக்குள் ஒரு பம்ப்செட்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. பெரியவன் காலேஜ் விட்டு வந்ததும் உன் பம்ப் கடையில் உட்கார்ந்து மோட்டாருக்குக் காயில் கட்டப் பழகுகிறான் என்று எழுதியிருந்தாயே, அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அவங்கப்பன் மாதிரியே கை ஓடும்" என்றாள். அவளுக்கு முழங்கால் இப்போது பரவாயில்லை. மாடிப்படி மட்டும் ஏறக் கூடாதாம். சென்னையில் வேறு விசேஷம் இல்லை, வெயிலைத் தவிர.

அந்த வெயிலில்தான் விஷயமே இருக்கிறது. வீட்டிலிருந்தே அனிமேஷன் வேலை பார்க்கிறேன் இல்லையா, ராத்திரி ரெண்டரிங் (வரைந்ததைக் கம்ப்யூட்டர் முழுப் படமாக்குகிற வேலை) போட்டுவிட்டுப் படுத்தால் விடியும்வரை அந்தப் பெட்டி கத்திக்கொண்டே இருக்கும். உங்கள் ஊர் வெட் கிரைண்டர்கூட இதைவிட மரியாதையாக ஓடும். மே மாதம் மகள் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போனவள், இன்னும் திரும்பி வரவில்லை. அதனால் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். கம்ப்யூட்டருக்குத் தண்ணீர் ஓட்டப் போகிறேன். சிரிக்காதே, முழுக்கப் படி. உன்னிடம் கேட்காமல் இதைச் செய்தால் பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் ஒரே ரூமில் இருந்ததற்கு அர்த்தமே இல்லை.

கடையில் சீல் வைத்த ரெடிமேட் செட் கிடைக்கிறது. பம்ப், ரேடியேட்டர், ட்யூப் எல்லாம் ஒன்றாக இருக்கும். வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது. ஆனால் அது பெரும்பாலும் ப்ராசஸருக்கு மட்டும்தான். என் வீட்டில் கத்துவது கிராபிக்ஸ் கார்டு. என் கார்டு ஆர்டிஎக்ஸ் 3080, அது ஒன்றே 320 வாட் சாப்பிடும். ப்ராசஸர் ரைசன் 5900எக்ஸ், முழு வேகத்தில் 142 வாட். இரண்டும் சேர்ந்து 462. இந்த இரண்டையும் ஒரே சுற்றில் கோத்து, நாமே பம்ப் வைத்து, நாமே ட்யூப் வெட்டி மாட்டுவதைத்தான் கஸ்டம் லூப் என்கிறார்கள். சூடாகும் சில்லின் தலையில் செம்பு பிளாக். அதற்குள் மெல்லிய தகடு தகடாக வரிசை, நடுவில் அரை மில்லிமீட்டர்கூட இல்லாத சந்து. அந்தச் சந்து வழியாகத் தண்ணீர் போய்ச் சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்கு வரும், ஃபேன் காற்றில் ஆறும், தொட்டிக்கு வரும், மறுபடி பம்ப். அவ்வளவுதான் மொத்தக் கதை.

இரண்டு மாதமாக இதைப் படித்துப் படித்து ஒரு நோட்டுப் புத்தகம் நிரம்பிவிட்டது. கடைசியில் புரட்டிப் பார்த்தால், பாதிக்கு மேல் நீ லேபில் கத்திச் சொன்ன விஷயங்கள். "பம்ப்பு தண்ணிய உறிஞ்சாதுடா, காத்துதான் தள்ளிவிடுது" என்று கிணற்று மோட்டாரைப் படம் போட்டுக் காட்டினாயே, அதுவேதான் இங்கே முதல் விதி. தொட்டி பம்ப்புக்கு மேலே இருக்க வேண்டும், தண்ணீர் தானாக இறங்கி பம்ப் வாயில் நிற்க வேண்டும். இங்கே தண்ணீர் திரும்பி இறங்காமல் பிடிக்கிற ஃபுட் வால்வும் கிடையாது, முதலில் தண்ணீர் ஊற்றிக் காற்றை வெளியேற்றுகிற பிரைமிங்கும் கிடையாது. காற்று பிடித்துக்கொண்டால் பம்ப் போச்சு.

அந்தப் பம்ப்பைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும், உனக்குப் பிடிக்கும். டி5 என்று பெயர். ஜெர்மனியின் லெய்ங் கம்பெனி வடிவமைத்தது, இப்போது சைலெம் கையில் இருக்கிறது. 12 வோல்ட் டிசி, இருபது வாட் சொச்சம். ஒரு கொய்யாப்பழ அளவுதான். அதிகபட்ச ஓட்டம் மணிக்கு 1,500 லிட்டர், அதிகபட்ச ஹெட், அதாவது தண்ணீரை ஏற்றும் உயரம், நாலு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இதில் ஷாஃப்ட்டே கிடையாது, மாப்ளே! கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி ஒரு ரோட்டர், ஒரே ஒரு பீங்கான் குண்டின் மேல் உட்கார்ந்துகொண்டு காந்த இழுப்பிலேயே சுற்றுகிறது. ஷாஃப்ட் இல்லாததால் மெக்கானிக்கல் சீலும் இல்லை. சீல் மாற்றிப் பிழைக்கிற உனக்கு இந்த ஊரில் பட்டினிதான். அந்தக் குண்டுக்கு எண்ணெய் மாதிரி இருப்பது ஓடுகிற தண்ணீரேதான். அதனால் நிமிஷக் கணக்கில் காய்ந்து ஓடினால்கூட ஆபத்து.

ஒரு சந்தேகம், நீதான் தீர்க்க வேண்டும். பெட்டியின் உயரம் அரை மீட்டர். தண்ணீர் மேலே இருக்கிற ரேடியேட்டருக்கு ஏற வேண்டுமே, ஹெட் கணக்கில் அதைக் கழிக்க வேண்டுமா என்று மூன்று நாள் குழம்பினேன். அப்புறம்தான் உறைத்தது: இது மூடிய சுற்று. ஏறுகிற தண்ணீரின் எடையை இறங்குகிற தண்ணீரின் எடை சரிக்கட்டிவிடும், பம்ப் சமாளிக்க வேண்டியது உரசல் இழப்பை மட்டும்தான். தோட்டத்துத் தொட்டிக்கு ஏற்றுகிற மாதிரி கணக்குப் போடக் கூடாது. சரிதானே? முதல் முறை நிரப்பும்போது மட்டும் பம்ப் நிஜமாகவே ஏற்ற வேண்டியிருக்கும்.

எதற்குப் பின்னால் எது என்பதற்கும் ராத்திரி ராத்திரியாகப் படம் வரைந்தேன். ப்ராசஸர் முதலா, கார்டு முதலா, நடுவில் ஒரு ரேடியேட்டர் வேண்டுமா என்று. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் ஓடினால், ஏறத்தாழ 70 வாட் சூட்டுக்குத் தண்ணீர் ஒரு டிகிரி ஏறும். 462 வாட்டுக்கு ஆறரை டிகிரி. நிமிஷத்துக்கு நாலு லிட்டர் ஓட்டினால் வெறும் 1.7 டிகிரி. அதாவது சுற்றின் எந்த இடத்தில் விரலை வைத்தாலும் தண்ணீர் ஏறக்குறைய ஒரே சூடு. வரைந்த படம் எல்லாம் குப்பைக்குப் போயிற்று. ட்யூப் எங்கே மடங்காமல் அழகாகப் போகுமோ அதுவே வரிசை.

எங்கள் ஊர் வெயிலுக்கு இது தாங்குமா என்று நீ கேட்பாய். தண்ணீர் அறைச் சூட்டுக்குக் கீழே ஒருநாளும் போகாது. ராத்திரி அறை 34 டிகிரி என்றால், 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் இரண்டும் ஆறு ஃபேனும் வைத்து, தண்ணீரை 44 பக்கம் நிறுத்தலாம் என்பது என் கணக்கு. இப்போது 80ஐத் தொடுகிற கார்டு அறுபதுக்குள் நிற்கும். ப்ராசஸருக்கு அவ்வளவு லாபம் வராது. சில்லு நகம் அளவுதான், அதன்மேல் உலோக மூடி வேறு. அந்தக் குறுகிய இடத்தைத் தாண்டி வெளியே வருவதற்குத்தான் சூடு திணறும், அந்தப் பக்கம் தண்ணீர் எவ்வளவு ஓடினாலும். கார்டில் பிளாக் நேராகச் சில்லின் மேலேயே உட்காரும். அதனால் காசெல்லாம் கார்டுக்காகத்தான் என்றே வைத்துக்கொள். இன்னொன்று, அறை குளிராது. 462 வாட் அறைக்குள்தான் வந்து விழும், சத்தமில்லாமல் விழும் என்பது மட்டும்தான் வித்தியாசம். இதை வீட்டில் விளக்கிச் சொன்னபோது, "அப்போ எதுக்கு இவ்வளவு செலவு?" என்று ஒரு கேள்வி வந்தது. பதில் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மகள் ஒரு யோசனை சொன்னாள், தொட்டியில் ஐஸ் போட்டால் என்ன என்று. ஐஸ் வாட்டர் டம்ளர் இந்த ஊரில் எப்படி வியர்க்கும் என்று பார்த்திருக்கிறாய். இங்கே கோடையில் காற்றின் ஈரம் 25, 26 டிகிரியிலேயே நீராக இறங்கிவிடும். தண்ணீர் அதற்குக் கீழே குளிர்ந்தால் பிளாக்கும் ட்யூபும் வியர்த்து, சொட்டுச் சொட்டாக போர்டில் விழும். ஒழுகினால் மட்டுமா, ஒழுகாமலும் கெடும்.

இப்போது என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் ஒரு ரேடியேட்டர் பாதி விலைக்கு வந்தது. செம்பு என்று போட்டிருந்தார்கள். வந்த பெட்டியைத் தூக்கும்போதே சந்தேகம், அப்பளக் கட்டு மாதிரி கனமே இல்லை. கறுப்பு பெயின்ட்டை மூலையில் கத்தியால் சுரண்டினேன். செம்பாகவோ பித்தளையாகவோ இருந்தால் மஞ்சளோ சிவப்போ தெரிய வேண்டும். வெள்ளி மாதிரி பளிச்சென்று வெளுத்தது. அலுமினியம். நல்ல வேளை, அப்படியே மாட்டவில்லை. செம்பு பிளாக்கும் அலுமினிய ரேடியேட்டரும் ஒரே தண்ணீரில் கிடந்தால் அது ஒரு பேட்டரிதானே, அலுமினியம் கரைந்துகொண்டே போகும். அலுமினிய ஹவுஸிங்கில் பித்தளை நிப்பிள் மாட்டி ஒரு வருஷத்தில் வெள்ளைப் பொடி பூத்ததை உன் கடையில் காட்டினாயே, அதுதான் கத்தியை எடுக்க வைத்தது. ரேடியேட்டர் இப்போது பரணில் இருக்கிறது. திருப்பி அனுப்ப நாள் கடந்துவிட்டது என்கிறார்கள்.

அடுத்து வந்த இரண்டும் நிஜமான செம்பு. புதுசுதானே என்று நேராக மாட்டக் கூடாதாம், பற்றவைத்த பொடியும் அழுக்கும் உள்ளேயே இருக்கும். டிஸ்டில்ட் வாட்டரைச் சுடவைத்து ஊற்றி, இரண்டு வாயையும் மூடி, தயிர் கடைகிற மாதிரி குலுக்கி, பழைய வெள்ளை வேட்டியில் வடித்தேன். முதல் முறை மிளகுத் தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள். ஐந்தாவது முறைதான் வேட்டி வெள்ளையாக நின்றது. அந்த மிளகெல்லாம் பிளாக்கின் சந்தில் போய் அடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்!

தண்ணீர் எது என்பதில் குழப்பமே இல்லை. போர் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று வாட்டர் ஹீட்டர் காயிலைப் பார்த்தவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேன் தண்ணீரும் வேண்டாம். டிஸ்டில்ட் வாட்டர், அதில் துருப்பிடிக்காமல் இருக்கவும் பாசி பிடிக்காமல் இருக்கவும் மருந்து. அல்லது கிளைகால் கலந்து ரெடியாக விற்பது. மொத்தம் ஒரு லிட்டர்தான் பிடிக்கும். பாதாம் பால், ரோஸ் மில்க் நிறத்தில் எல்லாம் விற்கிறார்கள், பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் அந்த நிறம் தண்ணீரில் மிதக்கிற பொடி, நாளாக ஆகச் சந்தில் படியும். எனக்கு நிறமில்லாததே போதும்.

ட்யூபிலும் அதே கதை. கண்ணாடி மாதிரி கெட்டி ட்யூபைச் சூடுகாட்டி வளைத்து மாட்டுவதுதான் இப்போது ஃபேஷன். வருஷத்துக்கு ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டிய இடத்தில் அது எதற்கு? கறுப்பு இபிடிஎம் ரப்பர் ட்யூப் எடுத்திருக்கிறேன். தெளிவான பிவிசி ட்யூபில் இருக்கிற நெகிழ்வுப் பொருள் தண்ணீரில் இறங்கிக் கோந்து மாதிரி படியும் என்பதால் அது வேண்டாம் என்று விட்டுவிட்டேன். கார்டுக்கான பிளாக்தான் கடைசியாக வர வேண்டும். கார்டின் ஒவ்வொரு மாடலுக்கும் போர்டு வேறு வேறு, துளை கொஞ்சம் தள்ளியிருந்தாலும் உட்காராது. என் கார்டின் கவரைக் கழற்றி போர்டில் அச்சடித்த எண்ணைப் பார்த்த பிறகே ஆர்டர் போட்டேன். பட்டியல் 60,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. இதை மட்டும் வாய் தவறி என் வீட்டுக்காரியிடம் சொல்லிவிடாதே.

ஃபிட்டிங் விஷயம் கேள். இந்த உலகம் முழுக்க எல்லா பிளாக்கிலும் ரேடியேட்டரிலும் ஒரே மரை, ஜி கால். நம்ம கால் இஞ்ச் பைப் மரையேதான், சரிவு இல்லாத நேர் மரை! ஐந்து சாமானுக்கு இரண்டு இரண்டாகப் பத்து ஃபிட்டிங், அடியில் தண்ணீர் வடிக்க மூன்று வாய் டீ ஜாயின்ட் ஒன்றும், திறந்து மூட பால் வால்வ் ஒன்றும். உன் ஆட்கள் சணலும் டெஃப்லான் டேப்பும் சுற்றிப் பைப் ரெஞ்சு போடுவார்களே, அதெல்லாம் இங்கே கூடவே கூடாது. ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம்தான் அடைக்கும், கையால் திருகி நின்ற இடத்தில் நிறுத்திவிட வேண்டும். உன் கடையில் கிடக்கிற சரிவு மரை நிப்பிளைக் கொண்டுவந்து "இது சரியா உட்காரும்டா" என்று சொன்னால் வாசலிலேயே நிறுத்திவிடுவேன்.

ஆமாம், வாசல் என்றேன். விஷயம் இதுதான்: ஆயுத பூஜைக்குக் கடையில் பொட்டு வைத்துப் பூஜையை முடித்துவிட்டு ராத்திரி ரயில் ஏறு. மறுநாள் விஜயதசமி, தண்ணீர் ஊற்ற அன்றுதான் நாள் குறித்திருக்கிறேன். போர்டுக்குக் கரண்ட்டே போகாது. பவர் சப்ளையின் பெரிய கனெக்டரில் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு ஜெம் கிளிப்பால் சேர்த்து, பம்ப்பை மட்டும் ஓட்ட வேண்டும். ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் அடியில் டிஷ்யூ பேப்பர். காற்றுக் குமிழ் வெளியேற பெட்டியை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்க்க இரண்டு பேர் வேண்டும், அம்மாவின் முழங்காலை நம்ப முடியாது. அப்புறம் ஒரு நாள் முழுக்கக் காவல். பேச ஆயிரம் விஷயம் இருக்கிறது, பொழுது போய்விடும்.

தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் காற்று அடைத்துப் பார்க்க வேண்டும், அரை கிலோ பிரஷரில். முள் அரை மணி நேரம் அசையாமல் நின்றால் சரி. அதற்கு ஒரு கேஜ் கொண்டு வா. நீ வைத்திருக்கிற பத்து கிலோ கேஜில் அரை கிலோவுக்கு முள் கண்ணைக்கூடத் திறக்காது, ஒரு கிலோ அளவுக்குள் இருப்பதாகப் பார். சைக்கிள் பம்ப் என்னிடம் இருக்கிறது.

பெரியவனையும் கூட்டி வா.

உன்,
ஒட்டகம்