எத்தனை தலையணை என்று கேட்ட அக்காவுக்கு

மகளுக்கு நேற்றோடு 3 மாதம் முடிந்தது. இப்போதுதான் உட்கார்ந்து இதை எழுத முடிகிறது.

ஏழாம் மாதத்தில் எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மாசமா இருந்தா அப்படித்தான் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். எங்கள் ஊர் சுகாதார நர்சக்கா மட்டும்தான் "ராத்திரி எத்தனை தலையணை வச்சுப் படுக்கிறே?" என்று கேட்டார். மூன்று வைத்தும் முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குகிறேன் என்றேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினேன். அக்கா நோட்டை மூடிவிட்டு 108-க்கு போன் போட்டார். அந்தக் கேள்விக்குத்தான் என் முதல் நன்றி. மாசமாக இருக்கிறவர்களே, படுத்தால் முட்டி, எழுந்து உட்கார்ந்தால் தணிகிற மூச்சை தயவுசெய்து சாதாரணமாக விட்டுவிடாதீர்கள்.

ஆம்புலன்ஸில் வந்த தம்பி என்னைப் படுக்க விடாமல் நிமிர்த்தி உட்கார வைத்து, ஆக்சிஜன் மாட்டி, வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தார். உங்களுக்கும் நன்றி தம்பி.

பெரியாஸ்பத்திரியில் எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா, சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று கேட்டார். வந்தது, ஐந்தாம் வகுப்பில் ஒரு மாதம் பள்ளிக்கூடம் போகவில்லை. அந்த ருமாட்டிக் காய்ச்சல்தான் இதயத்துக்குள் ரத்தம் தாண்டிப் போகிற மைட்ரல் வால்வைச் சுருக்கியிருக்கிறது. 4 சதுர சென்டிமீட்டராவது திறக்க வேண்டிய வால்வு எனக்கு 1 கூட இல்லை, கர்ப்பத்தில் உடம்பில் ரத்தம் ஏறக்குறைய பாதியளவு கூடவும், அதைத் தாண்ட வழியில்லாமல் தேங்கி நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. நீர் பிரிய ஊசி, துடிப்பைக் குறைக்க மாத்திரை என்று பார்த்தார்கள், போதவில்லை. அப்புறம் தொடை ரத்தக்குழாய் வழியாக பலூன் விட்டு வால்வை விரித்தார்கள். மயக்கம் கொடுக்கவில்லை. கதிர் படாமல் இருக்க வயிற்றைச் சுற்றிக் கட்டிய ஈயக் கவசத்தின் கனத்துக்கு அடியில் பிள்ளை உதைத்தாள். நான் பயந்து பார்த்ததும் சிஸ்டர் என் கையைப் பிடித்தவர், முடியும் வரை விடவே இல்லை.

அன்று ராத்திரி ஒரே தலையணையில், இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கினேன்.

பிரசவம் ஆன பிறகுதான் இன்னும் கவனம் வேண்டும் என்று ஐசியூவில் 3 நாள் வைத்திருந்தார்கள். பால் கொடுக்கப் பிள்ளையை அத்தனை தடவையும் தூக்கி வந்த ஆயாம்மா, உங்களை மறக்க மாட்டேன்.

அந்தக் காய்ச்சல் திரும்ப வராமல் இருக்க 21 நாளைக்கு ஒரு தடவை பென்சிலின் ஊசி போடச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்தது வெள்ளிக்கிழமை, நர்சக்கா. பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வருகிறேன்.