என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழங்காலக் கடிதங்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை, அப்போஸ்தலர் பவுல் பிலேமோன் என்ற கிறிஸ்தவருக்கு எழுதிய, வேதாகமத்தில் இடம்பெற்றுள்ள நிருபத்தை (கடிதத்தை), மறுத்துப் பேச வழியில்லாமல் ஒருவரை மடக்கிப்போடும் சாமர்த்தியமான எழுத்து என்று சொல்லியிருந்தது. அந்த நிருபத்தைச் சிறுவயது முதல் படித்துவருபவள் என்ற முறையில், இதை என்னால் ஏற்க முடியவில்லை.

25 வசனங்களே உள்ள அந்த நிருபத்தைச் சிறையிலிருந்த பவுல், ஒநேசிமு என்ற அடிமைக்காக அவனுடைய எஜமானான பிலேமோனுக்கு எழுதினார். எஜமானை விட்டு ஓடிய அடிமைக்குக் கடுந்தண்டனை காத்திருந்த ரோமர் ஆட்சிக்காலம் அது. கட்டளையிடவே தமக்குத் துணிவு உண்டு என்று சொல்லும் பவுல், அதை ஒதுக்கிவிட்டு, வயது முதிர்ந்தவனாகவும் கைதியாகவும் நின்று மன்றாடுகிறார். கிரேக்க மூலத்தில் 'என் மகன்' என்பது முதலிலும், 'கட்டுகளில் நான் பெற்றவன்' (சிறையில் நான் விசுவாசத்துக்குள் கொண்டுவந்தவன்) என்பது அடுத்தும் வர, பிலேமோனின் கோபத்தைக் கிளறக்கூடிய அந்தப் பெயர் கடைசியில்தான் வருகிறது. ஒநேசிமு என்றால் பயனுள்ளவன் என்று பொருள். முன்பு அவன் உமக்குப் பிரயோஜனமில்லாதவன்தான் என்று ஒப்புக்கொள்வதன் மூலம், எஜமானின் மனக்குறைக்கும் அவர் மதிப்புக் கொடுத்துவிடுகிறார். ஓடிப்போனான் என்ற சொல் நிருபத்தில் எங்கும் இல்லை. 'கொஞ்சக்காலம் பிரிந்துபோனானாக்கும்' என்கிறது நம் பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பு. அந்த 'ஆக்கும்' என்ற விகுதியில் எவ்வளவு தயக்கம், எவ்வளவு பரிவு!

சில பத்தாண்டுகள் கழித்து ரோமரான இளைய பிளினியும், எஜமானின் கோபத்துக்கு ஆளான, விடுதலை பெற்ற அடிமை ஒருவனுக்காகச் சபினியானுஸ் என்ற நண்பருக்கு எழுதினார். அதுவும் நல்ல கடிதமே. அதற்குப் பலனும் கிடைத்தது. ஆனால் அவனைத் தாம் கடுமையாகக் கண்டித்ததாகவும், இனி அவனுக்காகக் கேட்கப்போவதில்லை என்று எச்சரித்ததாகவும் பிளினி எழுதுகிறார். பவுலோ ஒநேசிமுவைக் கடிந்துகொண்டதாக ஒரு வரிகூட எழுதவில்லை. அவன் உமக்குக் கடன்பட்டிருந்தால் 'அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்' என்று சொல்லி, நானே செலுத்தித் தீர்ப்பேன் என்று தம் கைப்படவே எழுதிக்கொடுக்கிறார்.

இதில் அழுத்தமே இல்லை என்று நான் வாதிடவில்லை. பிலேமோனின் வீட்டில் கூடும் சபையாரையும் விளித்துத்தான் நிருபம் தொடங்குகிறது. நீரே எனக்குக் கடன்பட்டவர் என்ற நினைவூட்டலும் அதில் உண்டு. அடிமை முறையையே அவர் கண்டித்திருக்கக் கூடாதா என்ற வருத்தமும் எனக்கு உண்டு. ஆனால் கட்டுரையாளர் 14ஆம் வசனத்தைக் கவனிக்கத் தவறிவிட்டார். ஒநேசிமுவைத் தம்மோடு வைத்துக்கொள்ள விரும்பியும், பிலேமோன் செய்யும் நன்மை கட்டாயத்தினால் செய்ததாக இருக்கக் கூடாது, மனப்பூர்வமாகச் செய்ததாக இருக்க வேண்டும் என்பதற்காக, அவருடைய சம்மதமில்லாமல் ஒன்றும் செய்யத் துணியவில்லை என்கிறார் பவுல். மடக்கிப்போட நினைப்பவர் ஆளைத் தம்மிடமே நிறுத்திக்கொண்டல்லவா கடிதம் எழுதியிருப்பார்? இவரோ, என் உள்ளமே இவன் என்று சொல்லி, அவனையே திருப்பி அனுப்புகிறார்.

இந்த நிருபம் முழுவதும் தங்கள் இதழின் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். அதை அப்படியே ஒருமுறை வெளியிட்டால், கட்டுரையை மட்டும் படித்த வாசகர்கள் மூலத்தையும் படித்துப் பார்ப்பார்கள் என்பதால், இதைக் கோரிக்கையாகவே தங்கள் முன் வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
பாளையங்கோட்டை