ஞாயிறு படம்: குறளுக்கு ஏற்ற பூ

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை நாம் வரையும் பூப் படத்தில் எழுத வேண்டியது மறுபடியும் குறள் 595தான்: ‘வெள்ளத் தனைய மலர்நீட்டம் மாந்தர்தம் உள்ளத் தனையது உயர்வு’. போன முறை இதற்கு மூன்று ரோஜா வந்தது. ரோஜா அழகுதான், ஆனால் குறள் பேசுவது நீர்ப்பூவின் தண்டை. குளத்தில் தண்ணீர் ஏற ஏறத் தண்டும் நீளும். ஆகவே ஆம்பலோ தாமரையோ வரையுங்கள். தண்ணீருக்குக் கீழே தண்டு தெரியட்டும். பூவை மேல் ஓரத்துக்குத் தள்ளிவிட்டுத் தண்டுக்குப் பக்கத்தில் எழுத்தை வைத்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்த வாரம் குறள் 90, மோந்தாலே வாடும் அனிச்சம். அது இன்றைய எந்தப் பூ என்பதில் அறிஞர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. நமக்கு அது வசதிதான்! ஓரம் சுருங்கிய ஓர் இதழே போதும்.

எழுத்து விஷயம். மல்லிகை மேல் வெள்ளை எழுத்து வேண்டவே வேண்டாம். என் அம்மாவுக்குக் கண்ணாடி போட்டும் படிக்க முடியவில்லை. முதல் அடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று. இடம் போதவில்லை என்று அடியை உடைக்காதீர்கள். எழுத்தைச் சிறிதாக்கலாம், மெய்யெழுத்தின் புள்ளி மறையும் அளவுக்கு மட்டும் வேண்டாம்.

அப்புறம், சதுரப் படம், 1080 பிக்சல். வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் சுருங்கி, இதழின் நரம்பெல்லாம் கலங்கிவிடுகிறது. சனி இரவு 9 மணிக்குள் வந்தால் நல்லது.