25ஆம் தேதி சாயங்காலம்: நம்ம ஐட்டம் முடிஞ்சதும் கிளம்பிடாதீங்க

நவம்பர் 3, 2025

அன்பான பெற்றோர்களுக்கு வணக்கம்,

ஞாயித்துக்கிழமை கிளாஸ் முடிஞ்சு பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போற அவசரத்துல பாதி பேர் வாசல்லயே நிறுத்திக் கேட்டீங்க, மீதி பேர் வாட்ஸ்அப்ல கேட்டுட்டே இருக்கீங்க, ஒவ்வொருத்தருக்கா பதில் போட்டா என் விரல் தேஞ்சிடும், அதனால எல்லாருக்கும் சேர்த்து ஒரே கடிதமா எழுதிடறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கோங்க.

நவம்பர் 25, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு நியூயார்க் ஃப்ளஷிங்ல நடக்கற சர்வமத தேங்ஸ்கிவிங் (நன்றி சொல்ற நாள்) கூட்டத்துல பாட நம்ம தமிழ்ப் பள்ளிப் பிள்ளைங்களைக் கூப்பிட்டிருக்காங்க. ஒரு வருஷம் யூதர்களோட சினகாக், ஒரு வருஷம் மசூதி, ஒரு வருஷம் குருத்வாரான்னு இடம் மாத்தி மாத்தி நடக்கும், இந்தத் தடவை ஒரு சர்ச்ல. நமக்குக் குடுத்திருக்கற நேரம் ஆறு நிமிஷம், மேடை ஏறி இறங்கறதையும் சேர்த்து.

"சர்ச்சுக்கா போகணும்?"னு சிலர் தயங்கறது புரியுது. கேள்வி நியாயம்தான், அதனால நேராவே சொல்றேன். யாரும் யாரையும் மதம் மாத்த வரல. எல்லா மதத்துக்காரங்களும் உட்கார்ந்து கேக்கற மாதிரி பிரார்த்தனையை வெச்சுக்கணும், எங்க வழிதான் ஒசத்தின்னு யாரும் பேசக்கூடாதுன்னு ஒத்துக்கிட்டுதான் ஒவ்வொருத்தரும் வர்றாங்க. கடைசியில எல்லாரும் எழுந்து ஒரு பாட்டு பாடுவாங்க, பிடிச்சா கூடப் பாடலாம், இல்லைன்னா சும்மா எழுந்து நின்னாப் போதும், யாரும் கவனிக்கப் போறதில்லை. அவ்வளவுக்கு அப்புறமும் வேண்டாம்னா அனுப்ப வேண்டாம், மார்க்கு எதுவும் குறையாது. காரணமும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு பக்கத்துலேருந்து ஒருத்தர், "அங்க போய்ப் பாடறதுன்னா பிள்ளையார் பாட்டுதானே பாடணும்"னு கேட்டார். பாடலாம்தான், ஆனா நம்ம பள்ளிக்கூடம் கோயில் பள்ளிக்கூடம் இல்லை, இங்க மதுரைக்காரங்க பிள்ளையும் நாகர்கோவில் கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளையும் காயல்பட்டினத்துப் பிள்ளையும் யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் ஒரே பெஞ்சுலதான் உட்காருது. அத்தனை பேரும் மனசு உறுத்தாம வாயைத் திறந்து பாடற மாதிரி ஒண்ணு வேணும்னு டீச்சர்களோட பேசி, திருக்குறள்ல செய்ந்நன்றி அறிதல் அதிகாரத்தையே எடுத்துக்கிட்டோம். பத்துல நாலு குறள், மோகனத்துல மெட்டுப் போட்டிருக்கு. நூத்திநாலாவது குறளை ரெண்டாம் நிலை பிள்ளைங்க தனியா பாடுவாங்க, தினையையும் பனையையும் அதுங்க கையால காட்டற அழகை நீங்களே வந்து பாருங்க. கூட்டத்துல வர்றவங்களுக்குப் புரியணும்னு பெரிய பிள்ளைங்க ரெண்டு பேர் இங்கிலீஷ்ல ரெண்டு ரெண்டு வரி சொல்லுவாங்க, அதுக்கு மேல விளக்கவுரை கிடையாது. ஆறு நிமிஷத்துல பரிமேலழகர் வேலையெல்லாம் பார்க்க முடியாது.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்ததுக்கு வர்றேன்.

நம்மாளுங்களுக்கு ஒரு பழக்கம் இருக்கு, எல்லா விழாவுலயும் பார்த்துட்டேன். நம்ம பிள்ளை மேடை ஏறற வரைக்கும் போனைத் தூக்கிப் பிடிச்சுட்டு முன்வரிசைக்கு முட்டி மோதறது, இறங்கினதும் கோட்டை மாட்டி, "நாளைக்கு ஸ்கூல் இருக்கு"ன்னு கும்பலா எழுந்து கதவைப் பார்க்கப் போறது. கல்யாணத்துல மொய் எழுதின கையோட பந்திக்கு ஓடற மாதிரி. நம்ம ஆண்டுவிழாவுல அப்படிப் பண்ணினா நமக்குள்ள போயிடும். அங்க நமக்கு அடுத்து ஒரு கொரியன் சர்ச் கொயர் (பாட்டுக்குழு) பாடப் போகுது, அதுக்கப்புறம் குருத்வாராவிலேருந்து ஹார்மோனியம் தபலாவோட கீர்த்தன், அப்புறம் ஒரு பையன் குர்ஆன் ஓதப் போறான், சினகாக்லேருந்து பிரார்த்தனை பாடற கேன்டர் வர்றார். நம்ம நாப்பது அம்பது பேர் ஒரே நேரத்துல எழுந்தா ஹால்ல பாதி காலி, மேடையில நிக்கற அந்தப் பையனுக்கு எப்படி இருக்கும்? நம்ம பாட்டை அவங்க உட்கார்ந்து கேட்டாங்க, அவங்க பாட்டை நாம உட்கார்ந்து கேக்கணும், கூட்டம்னு ஒண்ணு நடக்கறதே இதுக்குத்தான். ஒன்றரை மணி நேரம், எட்டரைக்கு முடிஞ்சிடும். இருக்க முடியாதவங்க முன்னாடியே சொல்லிடுங்க, உங்க பிள்ளையை வேற ஏதாவதுல போட்டுக்கறேன், கோவிச்சுக்க மாட்டேன்.

கை தட்டறது பத்தியும் சொல்லிடறேன். கொயர் பாடினா தட்டலாம். குர்ஆன் ஓதறதுக்கும் பிரார்த்தனைக்கும் தட்டக்கூடாது. சந்தேகமா இருந்தா முன்வரிசையைப் பார்த்துக்கோங்க. போட்டோ நம்ம பிள்ளைங்களை மட்டும் எடுங்க, அதுவும் ஃப்ளாஷ் இல்லாம.

ஃப்ளஷிங்ல இது நடக்கறதுக்கு ஒரு பொருத்தம் இருக்கு, பிள்ளைங்ககிட்ட வீட்ல பேசுங்கன்னு இதையும் எழுதறேன். நம்ம கணேசர் கோயில் இருக்கற பௌன் ஸ்ட்ரீட் தெரியும்ல, 1977 ஜூலை 4 கும்பாபிஷேகம் ஆன கோயில், நாம தரிசனத்துக்குப் பாதி கேன்டீன் தோசைக்குப் பாதின்னு போற இடம், 2022லேருந்து அந்தப் பக்கத்துக்கு கணேஷ் டெம்பிள் ஸ்ட்ரீட்னே பேர்ப்பலகை வெச்சாச்சு. அந்த பௌன் யாருன்னு நம்மள்ல எத்தனை பேர் கேட்டிருப்போம்? 1650கள்ல இந்த ஊர் டச்சுக்காரங்க கையில இருந்துச்சு. கவர்னர் பீட்டர் ஸ்டைவசன்ட், குவேக்கர்னு ஒரு கிறிஸ்தவப் பிரிவுக்காரங்களை யாரும் வீட்ல சேர்க்கக்கூடாதுன்னு உத்தரவு போட்டுட்டார். 1657 டிசம்பர் 27, இந்த ஊர்க்காரங்க முப்பது பேர், இந்த உத்தரவை எங்களால ஏத்துக்க முடியாதுன்னு கையெழுத்துப் போட்டு மனு அனுப்பினாங்க. யோசிச்சுப் பாருங்க, கையெழுத்துப் போட்டவங்கள்ல ஒருத்தர்கூட குவேக்கர் கிடையாது. அடுத்தவனோட சாமிக்காக மனு எழுதினாங்க, அதை எழுதின டவுன் கிளார்க்கு ஜெயிலுக்கும் போனார். அப்புறமா ஜான் பௌன்ங்கறவர் தன் வீட்லயே குவேக்கர்களைக் கூடவிட்டார், 1662ல பிடிச்சு ஹாலந்துக்கு நாடு கடத்தினாங்க, அங்க போய், இந்த ஊரை ஆண்ட டச்சு கம்பெனிக்காரங்ககிட்டயே வாதாடி ஜெயிச்சுத் திரும்பி வந்தார். அவர் வீடு அதே தெருவுல இன்னும் நிக்குது, கோயிலுக்குப் போறப்ப ஒருநாள் அந்தப் பக்கமும் பிள்ளைங்களை நடத்திக் கூட்டிட்டுப் போங்க.

இதுல ஒரு வேடிக்கை. கடைசியில எல்லாரும் சேர்ந்து பாடப்போற 'வீ கேதர் டுகெதர்' பாட்டு, ஸ்பெயின் படையை 1597ல டச்சுக்காரங்க ஜெயிச்ச சந்தோஷத்துல பிறந்த பாட்டு. எங்களைக் கும்பிட விடமாட்டேங்கறானேன்னு ஸ்பெயின் ராஜாவோட சண்டை போட்ட அதே டச்சுக்காரங்கதான் அறுபது வருஷம் கழிச்சு இங்க வந்து குவேக்கர் கும்பிடக்கூடாதுன்னு சட்டம் போட்டது. பெரிய பிள்ளைங்ககிட்ட இதைச் சொன்னப்ப ரொம்ப நேரம் சிரிச்சாங்க.

தேங்ஸ்கிவிங்னா என்னன்னு சின்னப் பிள்ளைங்களுக்கு நாடகம் போடலாமே, தலையில பேப்பர் இறகு வெச்சு, கறுப்புத் தொப்பி போட்டுன்னு ஒரு யோசனை வந்துச்சு. வேண்டாம்னுட்டேன். 1621ல மாசசூசெட்ஸ்ல இருக்கற பிளிமத்ல, பூர்வகுடிகளான வாம்பனோக் மக்கள் தொண்ணூறு பேர் அஞ்சு மான் கொண்டுவந்து, இங்கிலாந்துலேருந்து குடியேறினவங்களோட மூணு நாள் சேர்ந்து சாப்பிட்டாங்கங்கறது நிஜம், ஆனா அதுக்கப்புறம் அந்த மக்கள் நிலத்தையும் உயிரையும் இழந்தாங்கங்கறதும் நிஜம். 1970லேருந்து அதே பிளிமத்ல தேங்ஸ்கிவிங் நாளையே துக்க நாளா அந்த மக்கள் வழியில வந்தவங்க கூடி அனுசரிக்கறாங்க. அதை வெச்சுக்கிட்டு நம்ம பிள்ளைங்க தலையில இறகு சொருகி ஆடறது எனக்குச் சரியாப் படல. நாடு முழுக்க நன்றி நாளா ஆனது லிங்கன் 1863ல, உள்நாட்டுப் போர் நடுவுல அறிவிச்சதிலேருந்துதான், அதைப் பெரிய பிள்ளைங்க வகுப்புல பேசிட்டிருக்கோம்.

தேங்ஸ்கிவிங் வியாழக்கிழமை இந்த வருஷம் 27ஆம் தேதி வருது. நவம்பர் 27 நம்ம ஈழத்துக் குடும்பங்களுக்கு மாவீரர் நாள்னு எல்லாருக்கும் தெரியும், அன்னைக்கு மட்டும் விருந்து போட்டோவை நம்ம குரூப்ல கொட்டாம இருந்தா நல்லாயிருக்கும்.

சாப்பாடு. பாட்டு முடிஞ்சதும் கீழ் ஹால்ல எல்லாரும் ஆளுக்கொண்ணு கொண்டுவந்து வெப்பாங்க. நம்ம பங்குக்கு எலுமிச்சம்பழ சாதமும் சுண்டலும், ஏற்கனவே பேர் குடுத்தவங்க போதும். முந்திரி, வேர்க்கடலை போடாதீங்க, என்னென்ன போட்டிருக்குன்னு பெரிய எழுத்துல சீட்டு எழுதி வைங்க, நெய் ஊத்தியிருந்தா அதையும். யூதக் குடும்பங்கள்ல கோஷர் (அவங்க மத உணவு விதி) பார்க்கறவங்க நம்ம வீட்டுப் பாத்திரத்துல சமைச்சதைச் சாப்பிட மாட்டாங்க, "ஒரு கரண்டியாவது"ன்னு நம்ம ஊர் வழக்கத்துல தட்டுல வெச்சுடாதீங்க, பாட்டிமார்கிட்டயும் சொல்லி வைங்க. நம்ம பக்கமும் கவனம் வேணும்: சக்கரைவள்ளிக்கிழங்கு மேல வெள்ளையா உருகிக் கிடக்கறது மார்ஷ்மெலோ, அதுல மிருகங்களோட தோல், எலும்புலேருந்து எடுக்கற ஜெலட்டின் இருக்கும். பிரெட் ஸ்டஃபிங்கை பெரும்பாலும் கோழி சூப் ஊத்திதான் பண்ணுவாங்க. பம்ப்கின் பைல முட்டை உண்டு. சைவக்காரங்களும் ஹலால் பார்க்கறவங்களும் கேட்டுட்டு எடுங்க, கேக்கறது தப்பில்லை, அங்க எல்லாரும் எல்லாரையும் கேட்டுட்டுதான் இருப்பாங்க.

வாசல்ல ஒரு பெரிய பெட்டி இருக்கும், இல்லாதவங்களுக்கு இலவசமா சாப்பாட்டுச் சாமான் தர்ற பக்கத்து ஃபுட் பேன்ட்ரிக்குப் போற சாமான். கவர்மென்ட் ஷட்டவுன்னால, ஏழைக் குடும்பங்களுக்குச் சாப்பாட்டுக்குன்னு அரசாங்கம் தர்ற ஃபுட் ஸ்டாம்ப் பணம் இந்த மாசம் தடைபட்டுக் கிடக்கு, அதனால இந்தத் தடவை வெறுங்கையோட வராதீங்கன்னு உரிமையோடவே கேக்கறேன். அலமாரி மூலையில கிடக்கற பழைய டப்பாவைத் தள்ளிவிடற இடம் இல்லை அது, தேதி பாருங்க. ரெண்டு பவுண்டு அரிசிப் பாக்கெட், டின்ல அடைச்ச பீன்ஸ், பீநட் பட்டர், ஓட்ஸ் இதெல்லாம் நல்லாப் போகும், மூடியைக் கையாலயே இழுத்துத் திறக்கற டின்னா இருந்தா இன்னும் நல்லது, டின் ஓப்பனர் இல்லாத வீடும் இருக்கு. இருபது பவுண்டு பொன்னி மூட்டை வேண்டாம், வாங்கறவங்க பஸ்ல தூக்கிட்டுப் போகணும்.

பிராக்டிஸ் 9, 16, 23, மூணு ஞாயிறும் கிளாஸ் முடிஞ்சு அரை மணி நேரம். 23ஆம் தேதி கட்டாயம், அன்னைக்குத்தான் யார் எங்க நிக்கணும்னு பார்க்கப் போறோம். பட்டுப்பாவாடை, வேட்டி எதுவும் சரிதான், உள்ளே கனமா லெக்கிங்ஸ் போட்டு விடுங்க. நேத்துதான் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளி வெச்சோம், 25ஆம் தேதி நாலரைக்கெல்லாம் இருட்டிடும், குளிரும் சேர்ந்துக்கும். பிள்ளைங்க ஆறரைக்குள்ள வந்துடணும். பார்க்கிங் நம்பி வராதீங்க, மெயின் ஸ்ட்ரீட் ஸ்டேஷன்ல இறங்கி நடந்து வர்றதுதான் நிம்மதி.

புதன்கிழமை சாயங்காலம் மேசீஸ் தேங்ஸ்கிவிங் ஊர்வலத்துக்கு பலூன் ஊதறதைப் பார்க்கப் போறவங்க போங்க, நம்மளோடது செவ்வாய்க்கிழமை, இடிக்காது.

மிருதங்கத்துக்கு ஆள் கிடைச்சாச்சு, சுருதிப் பெட்டிதான் இல்லை. போன் ஆப்ல போட்டா அந்தப் பெரிய ஹால்ல கேக்காது. யார் வீட்லயாவது நிஜப் பெட்டி இருந்தா 9ஆம் தேதியே கொண்டு வாங்க. சம்மதக் கடிதத்தையும் அன்னைக்கே கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க, பிள்ளை பையிலயே போட்டு விடாதீங்க, அது அங்கயேதான் கிடக்கும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்